மூன்று தட்டு

நாச்சிமுத்துவின் கார் பட்டறைக்குள் நுழையும்போதே பின்பக்கம் 'கொர்ர்' என்று முனகியது. எஞ்சின் என்ற சாமானே இல்லாமல் போன காலம் இது. மின்கலத்தில் ஓடும் வண்டிகள் பூனை மாதிரி வந்து நிற்கும். அதனால் சக்கரத்தில் சின்ன நோவு இருந்தாலும் தெருவுக்கே கேட்டுவிடும்.

"பின்வீலுங்க," என்றபடி இறங்கினார் அவர். சங்ககிரிப் பக்கம் நூல்மில் வைத்திருந்து, மகனிடம் விட்டுவிட்டு ஓய்ந்தவர். "எட்டு வருசமா ஷெட்டுலயே கெடந்த வண்டிங்க. பேத்திக்குக் குடுக்கலாம்னு எடுத்தேன். நாப்பதுல போனா சும்மா இருக்குது. அறுபதத் தாண்டுனா கத்துதுங்க."

"வலது பக்கம் திருப்புனா சத்தம் கூடுதுங்களா?" என்று கேட்டாள் பட்டறைக்காரி தெய்வானை.

"ஆமாங்க."

"அப்ப இடது பின்வீலு பேரிங்குதானுங்க."

வண்டியைத் தூக்கும் மேடையில் ஏற்றி, சக்கரத்தின் நடுக்குடத்தில் சக்கரச்செவியை ஒட்டினாள். உள்ளங்கை அளவு கருவி. சக்கரம் வாங்கும் ஒவ்வொரு அடியும் பேரிங்கின் உருக்கில் ஒரு தழும்பை விட்டுப் போகும். சக்கரம் சுழலும்போது அந்தத் தழும்புகள் எழுப்பும் ஒலியைப் பிரித்து, எந்த அடி எதனால் விழுந்தது என்று செவி சொல்லிவிடும். கிரீஸில் படிந்த வெயில் மழையை வைத்துத் தேதியையும் சொல்லும். மூன்று வருடத்துக்கு முந்தைய அடி அதற்குக் கேட்காது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பச்சைப் பொய். கிளப்பிவிட்டவளே தெய்வானைதான். பழைய பாவிகள் பயமில்லாமல் வரட்டும் என்று வலை விரித்து வைத்திருந்தாள்.

செவியைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். எட்டு வருடங்களுக்கு முன் ஐப்பசியில், அவள் புருஷன் சென்னியப்பனைப் புறவழிச் சாலையில் ஒரு கார் ஸ்கூட்டரோடு ஏற்றிக் கொன்றுவிட்டுப் பறந்தது. நம்பர் தெரியவில்லை. டீக்கடைக்காரர் ஒருவர் மட்டும், "வெள்ளக் காருங்க. வரும்போதே பின்னால கொர்ருனு சத்தம்," என்றார். போலீஸ் அதை எழுதிக்கொண்டு மறந்தது. தெய்வானை மறக்கவில்லை. ஊரில் எந்த வெள்ளைக் கார் உறுமினாலும் தட்டில் இருக்கும் சோற்றை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவாள்.

செவியின் சாட்சி செல்லும் என்று சட்டமானபோது தண்டனை வகுத்த குழு, ஓட்டியவரோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றது. தெய்வானை எழுந்து நின்று கத்தினாள். "அப்பிடி வுட்டா பெரிய மனுசனெல்லாம் டிரைவர உள்ள தள்ளிட்டு வெளிய சுத்துவானுங்க. ஆரால மொதல்ல ஆச்சோ, அது வரைக்கும் போகோணும்!" ஓட்டியவருக்கு மூன்று வருடம் சிறை, முதற்காரணமானவருக்கு நான்கு என்று எழுதினார்கள். மேசையைத் தட்டி நான்கை ஏழாக்கியவள் அவள். அறிக்கையை யாரும் அழிக்க முடியாது, பத்து நிமிடத்தில் தானே நீதிமன்றத்துக்குப் போய்விடும் என்பதும் அவள் கேட்டு வாங்கியதே.

சக்கரம் சுழன்றது. செவி பேசியது.

"தழும்பு பதினொன்று. எட்டு வருடம் முன், ஐப்பசி இருபத்திரண்டு. இருசக்கர வண்டியின் இரும்புச் சட்டம். ஒரு மனித உடல்."

தெய்வானை நிதானமாகப் போய் ஷட்டரை இறக்கினாள். பசித்தவளுக்கு முன்னால் இலை போட்டது போல ஒரு சந்தோஷம். அதை அவள் மறைக்கவும் இல்லை.

"அது எம்புருசனுங்க," என்றாள்.

நாச்சிமுத்து அங்கே கிடந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். "வீலு இறுகிருச்சுங்க. வண்டி எங்கையில இல்ல. இடது பக்கமா இழுத்துட்டுப் போயிருச்சு. சொன்னா ஆரு நம்புவாங்க?"

"ஓடிப்போக மிதிச்சது உங்க காலுதானுங்களே?"

அவர் தலை குனிந்தார். அந்தக் குனிந்த தலையைப் பார்க்கத்தான் எட்டு வருடம். தெய்வானை கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

"முதற்காரணம் தேடுகிறேன்," என்றது செவி.

"தேடு. நல்லாத் தேடு," என்றாள்.

"சத்தம் மோதலால் வரவில்லை. அதற்கு இருபது நாள் முன்பே தொடங்கிவிட்டது. தழும்பு ஒன்று, இரண்டு, மூன்று. பேரிங் பொருத்திய அன்றே விழுந்தவை. ஒன்றேகால் கிலோ சுத்தியல், முகத்தில் ஓரம் உடைந்தது. வரிசையாக மூன்று தட்டு. அதனால் பேரிங் சூடேறி, ஓட்டத்தில் இறுகியது."

தெய்வானை சுவரைப் பார்த்தாள்.

அந்தக் காலத்தில் வேலை முடிந்ததும் சக்கரக் குடத்தில் மூன்று தட்டு தட்டுவது அவள் வழக்கம். வண்டிக்காரர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்காமல் சாவியை வாங்க மாட்டார்கள். சென்னியப்பன் மட்டும் கேலி செய்வான்: "பேரிங் என்ன தேங்காயா புள்ள, தட்டிப் பாத்து வாங்கறதுக்கு?" அவன் போனபின் தட்டுவதை விட்டுவிட்டாள். சுத்தியல் மட்டும் அந்தச் சுவரின் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"பேரிங்க எங்க மாத்துனீங்க?" குரல் அவளுடையதாகவே இல்லை.

"எங்க டிரைவர்தான் கொண்டாந்தானுங்க. புறவழிச் சாலையில ஒரு அம்மா, கைராசிக்காரின்னான். அத நெனச்சுத்தானுங்க இன்னைக்கும் இங்கியே வந்தேன்."

தெய்வானை சுத்தியலை எடுத்து, செவிக்கு நேராக ஓங்கினாள். நாச்சிமுத்து பயந்து எழுந்தார். அந்த உடைந்த ஓரம் கண்ணில் பட்டது. அடித்து நொறுக்கினாலும் அறிக்கை நிற்காது. அதற்காகத்தான் அத்தனை பேரோடும் சண்டை போட்டிருந்தாள்.

"அறிக்கை அனுப்பப்பட்டது," என்றது செவி.

அவள் சுத்தியலை மேசைமேல் வைத்தாள். வருகிறவர்கள் தேட வேண்டாம் என்று, உடைந்த ஓரம் தெரியும்படி திருப்பி வைத்தாள். பிறகு ஷட்டரைத் தூக்கினாள். நண்பகல் வெயில் உள்ளே வந்தது.

"எனக்கு எத்தன வருசம் போடுவாங்க?" நாச்சிமுத்து மெதுவாகக் கேட்டார்.

"உங்களுக்கு மூணுதானுங்க," என்றாள் தெய்வானை.