மொத்தக் கொள்முதல்

ஓர் இரவுத் தூக்கத்தின் விலை அறுநூறு சிங்கப்பூர் வெள்ளி. கிளினிக்கில் படுக்கவைத்து, தலையில் ஒயர் ஒட்டி, விடியும்வரை அளப்பார்களாம்.

"அந்தக் காசுக்கு நான் முழிச்சே இருப்பேன்" என்றார் அப்துல் கஃபார். சிராங்கூன் சாலையில் இருபது வருடமாகப் பயணப்பெட்டி விற்கிறவர்.

டாக்டர் ரோஷினி சிரிக்கவில்லை. "எந்த வகைன்னு தெரியணும், சார். தூக்கமே வராதது ஒன்னு. தூக்கத்துல மூச்சு நிக்கிறது ஒன்னு. மனசு தூங்க, ஒடம்பு மட்டும் எழுந்து பேசும், நடக்கும், அது வேற. மொத வகைக்குக் குடுக்கிற மாத்திரை அந்தக் கடைசி வகைக்கு ஆபத்து. நீங்க தூக்கத்துல பேசுவீங்களா?"

பேசுவார். மனைவி உம்மு சல்மா நூறு தடவை சொல்லியிருக்கிறாள். ஆனால் வாங்கப் போன இடத்தில் தேவையை முழுசாகச் சொன்னால் விலை ஏறிவிடும் என்பது அவருக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம்.

"சேச்சே. தூக்கம் வரல, அவ்ளோதான் லா."

மாத்திரை கிடைத்தது. தூக்கமும் கிடைத்தது.

ஐந்தாம் நாள் லிஃப்டில் பக்கத்து வீட்டு வெங்கட், "என்ன பாய், ராத்திரி ரெண்டு மணிக்கும் கடை தொறந்திருக்கா? செவுத்துக்கு அந்தப் பக்கம் ஒரே பேரம்!" என்றான். கஃபார் சிரித்துவைத்தார். மறுநாள் பாலர் பள்ளியிலிருந்து ஆசிரியை அழைத்தாள். மகள் ஃபர்சானா வாரம் முழுக்க வகுப்பில் தூங்குகிறாளாம், எழுப்பினால் எழுவதில்லையாம்.

சல்மாவுக்கு விமான நிலையத்தில் இரவு வேலை. வீட்டில் அவரும் நான்கு வயதுக் குழந்தையும்தான். ஏழாம் இரவு, ஃபோனில் ஒலிப்பதிவை ஓடவிட்டு மாத்திரையை விழுங்கினார்.

விடிந்ததும் சமையலறையில் நின்று கேட்டார். மின்விசிறியின் கறகறப்பு, குப்பைக் குழாயில் எதுவோ பத்து மாடி உருண்டு விழும் ஓசை, தன் குறட்டை, அந்தக் குறட்டை சட்டென்று அறுந்ததும் வெறுங்கால் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம், குழந்தையின் அறைக் கதவு முனகித் திறப்பது. பிறகு தன் குரல். கடையில் பேசும் குரல்.

"ஒரு ராத்திரிக்கு ஒரு பகலா? கொறச்சுக்கோங்க."

இடைவெளி. எதிரில் யாரோ பேச, அதைக் கேட்டுத் தலையாட்டுகிறவனின் மௌனம்.

"புள்ளையோட பகல்தான் வேணுமா? என்னோடத எடுத்துக்கக் கூடாதா?"

மீண்டும் இடைவெளி. நீளமானது.

"சரிங்க. சில்லறையா வேணாம். மொத்தமா வாங்கிக்கறேன். என் ஆயுசுக்கும். பாத்துப் போடுங்க."

கையோடு கை அடிக்கும் ஓசை.

இரண்டு கைகள்.

ஓடினார்.

அறையில் ஈர மண் வாடை. ஃபர்சானா கட்டிலில் நேராக உட்கார்ந்திருந்தாள். கண்கள் திறந்திருந்தன. இமைக்கவில்லை. மூச்சு மட்டும் ஆழ்ந்த தூக்கத்தின் மூச்சு.

"ஃபர்சானா... வாப்பா வந்திருக்கேன். எழுந்திரும்மா."

உலுக்கினார். தலை இப்படியும் அப்படியும் ஆடியது. வாசலில் சல்மாவின் சாவி திரும்பியது.

குழந்தையின் வாய் திறந்தது. உதடு அசையவில்லை. வந்தது ஒரு கிழவனின் குரல். நிதானமாக.

"குடுத்தது, ஏழு ராத்திரி. எடுத்தது, ஆறு பகல். ஏழாவது, இன்னைக்கு. பாக்கி, மிச்சப் பகல் எல்லாம்."