சொல்லிக்கொண்டு போனவன்

கொல்லயில் கிராமத்தில் தென்னைகளுக்கு நடுவே இருந்த அந்த வீட்டுக்கு நிபின் தன் காரிலேயே வந்து இறங்கினான். முற்றத்தில் அதே ரகத்துக் கார் இன்னொன்று நின்றது. சின்ன வயது முதல் கூட்டுக்காரனாக இருந்து செத்துப்போன ஜிஜோவுடையது. மென்பொருளை யாரும் திறந்து இஷ்டம்போல மாற்றிக்கொள்ளலாம் என்று விற்ற வண்டிகள். சும்மா இருக்கிற கை இல்லை ஜிஜோவுக்கு. வண்டி பேசுகிற குரலையே தன் குரலாக மாற்றி வைத்திருந்தான். அம்பூரி மலையில், ரப்பர் தோட்ட வளைவில், அந்த வண்டியின் இருக்கையில்தான் அவன் நெஞ்சு நின்றது.

"பிள்ளை வண்டிய விட்டு எறங்கமாட்டேங்குது," என்றாள் ஜிஜோவின் மனைவி தன்யா. "அப்பன்கிட்ட பேச்சாக்கும். சோறும் வேண்டாம், தண்ணியும் வேண்டாம். அத அழிச்சுத் தாருங்க அண்ணா."

பின்னிருக்கையில் குட்டி அஜிஷா சுருண்டு கிடந்தாள். தொட்டால் அனலாகக் கொதித்தது.

நிபின் மடிக்கணினியைச் செருகினான். ஜிஜோ செய்த மாற்றங்களையெல்லாம் துடைத்துவிட்டு, மூல மென்பொருளைப் புதிதாக ஏற்றினான். திரை அணைந்தது. புளித்த ரப்பர் பால் நாற்றம் குப்பென்று எழுந்து அடங்கியது. திரை மறுபடி எரிந்தபோது, ஊர் பேர் தெரியாத ஒரு பெண்குரல் வணக்கம் சொன்னது.

அஜிஷா எழுந்து அம்மாவிடம் சோறு கேட்டாள். தன்யா அழுதுவிட்டாள்.

அந்த நிம்மதியில்தான் நிபினுக்கு வாய் தவறியது. சாவு விழுந்த வீட்டில் துக்கம் கேட்க வந்தவர்கள் சொல்லிக்கொண்டு போவதில்லை, பேசாமல் படியிறங்குவார்கள். அடக்கத்துக்கு வர முடியாமல் போன அவனுக்கு சாவுக்குப் பிறகு இதுதான் அந்த வீட்டுக்கு முதல் வரவு. பழக்கதோஷத்தில் ஜிஜோவின் வண்டியைத் தட்டினான்.

"அப்ப வாறேன் மக்கா."

தன்யாவின் முகம் வெளிறியது.

தன் காரில் ஏறிக் கதவைச் சாத்தினான். உள்ளே ரப்பர் பால் நாற்றம்.

"நானும் வாறேன்."

ஜிஜோவின் குரல்.

அதன்பிறகு எத்தனை தடவை அழித்து ஏற்றினானோ, அவனுக்கே தெரியாது. ஒலிபெருக்கியைக் கழற்றி எறிந்தும் குரல் போகவில்லை. காட்டாக்கடை ஊரில் வண்டியை விற்கப் பார்த்தான். ஏறி உட்கார்ந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினார்கள்.

கடைசியில் ஒரு புத்தி தோன்றியது. வாறேன் என்றதுதானே வினை? மாற்றிச் சொன்னால் தீர்ந்துவிடாதா? அம்பூரி வளைவில் வண்டியை நிறுத்தினான். நல்ல வெயில். வீட்டில் ஒருநாளும் சொல்லவிடாத சொல் அது. போய்ச் சேர்கிறவர்களின் சொல். மெல்லச் சொன்னான்.

"மக்கா, நான் போறேன்."

கதவுகள் தாமாகப் பூட்டிக்கொண்டன.

"செரி," என்றது குரல், பக்கத்து இருக்கையிலிருந்து. "போவோம்."