பளிங்கில் கீறிய பெயர்கள்

கப்பல் நாக்ஸோஸ் துறைமுகத்தை நெருங்கியதும் பயணிகள் எல்லோரும் ஒரு பக்கமாகக் கூடி, கரையோரத் திட்டின் மேல் தனியே நின்ற பழைய பளிங்கு வாசலைப் படம் பிடித்தார்கள். ஜெசிந்தா தன் கைப்பேசியில் வேறொரு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மாதமாக அவள் தினமும் பார்த்த படம்தான்.

ஒரு குகைச் சுவர். வெள்ளைக் கல்லின் குறுக்கே கன்னங்கரேலென்று ஒரு பட்டை. அதற்குச் சற்று மேலே கோணல்மாணலாகக் கீறிய இரண்டு சொற்கள்: பிலோமி. ஜெசி. அதற்கு மேல் படம் வெட்டுப்பட்டிருந்தது.

யாரோ ஒரு வெளிநாட்டுப் பயணி, கிரேக்க நாட்டின் இந்தத் தீவில் கடலில் நீந்தியபோது எடுத்து, ஏதோ ஆதிகால எழுத்து என்று நினைத்து இணையத்தில் போட்டிருந்தார். எந்தக் குகை என்று சொல்லவில்லை. கேட்டு எழுதியதற்குப் பதிலும் வரவில்லை. படம் கைமாறிக் கைமாறித் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தபோது, ஜெசிந்தாவின் அம்மா பிலோமி அதைப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தாள். அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

இருபத்து நான்கு வருஷத்துக்கு முன், ஒரு ஜனவரி ஒன்பதாம் தேதி, இந்தத் தீவுக்குக் கிழக்கே புயலில் ஒரு சரக்குக் கப்பல் மூழ்கியது. அதில் வேலை பார்த்தவர்களில் இருவர் அண்ணன் தம்பிகள். தம்பி லாசரை மீன்பிடிப் படகு ஒன்று தூக்கிக் காப்பாற்றியது. அண்ணன் கஸ்பார் திரும்பவில்லை. அவர்தான் ஜெசிந்தாவின் அப்பா. அப்போது அவளுக்கு நான்கு வயது.

இப்போது அவள் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. மாவட்ட நீச்சல் போட்டிகளில் பெயர் எடுத்தவள். அவளோடு லாசர் சித்தப்பாவும் கிளம்பி வந்திருந்தார். அறுபத்தொரு வயது. தனியாகப் போகிறேன் என்று அவள் எவ்வளவோ சொல்லியும் அவர் கேட்கவில்லை. ஆனால் விமானம் ஏறியதிலிருந்து பத்து வார்த்தைகூட அவர் பேசவில்லை.

கையில் இருந்தது நான்கு நாள்.

முதல் நாள் மேற்குக் கரையைச் சுற்றினார்கள். வெளியூர்க்காரர்கள் நீந்த வருவது பெரும்பாலும் அங்கேதான். மைல்கணக்கில் மணல், வரிசை வரிசையாய்க் குடைகள், பச்சையும் நீலமுமாய்த் தண்ணீர். குடை வாடகைக்கு விடுகிறவர்கள், படகோட்டிகள், கரையோரக் கடைக்காரர்கள் என்று ஒருவரையும் விடாமல் ஜெசிந்தா படத்தைக் காட்டினாள். எல்லோரும் அன்பாய்ப் பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள். இரண்டு குகைகளைக் காட்டவும் செய்தார்கள். இரண்டிலும் அவள் நீந்திப் போய்ப் பார்த்தாள். கல் மஞ்சளாக இருந்தது. எழுத்து எதுவும் இல்லை.

இரண்டாம் நாள் மாலை ஒரு பேருந்து ஓட்டுநர்தான் வழி சொன்னார். இந்தக் கறுப்புப் பட்டையைப் பற்றிக் கடற்கரையில் கேட்டுப் பயனில்லை, மலைக்குப் போய்க் கேளுங்கள் என்றார்.

மறுநாள் காலை முதல் பேருந்தில் அபிராந்தோஸ் என்ற மலைக்கிராமத்துக்கு ஏறினார்கள். சந்துகளுக்கெல்லாம் பளிங்குக்கல் பாவிய ஊர். அங்கே சுரங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனோலிஸ் என்பவரைக் காப்பிக்கடையில் பார்த்தார்கள். அவர் படத்தைப் பெரிதாக்கச் சொல்லி, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் பையிலிருந்து ஒரு கறுப்புக் கல்லை எடுத்து மேசையில் வைத்தார். இரும்புபோல் கனத்தது. உப்புத்தாளில் ஒட்டுவார்களே, அந்த எமரிக் கல். முப்பது வருஷம் அவர் வெட்டி எடுத்தது அதைத்தான்.

இந்தக் கல் பளிங்குக்குள் பட்டையாக ஓடி, மலையைத் தாண்டிக் கடல் வரை இறங்குகிற இடம் தனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான் என்றார். லியோனாஸ் கிராமத்திலிருந்து வடக்கே, படகில் மட்டும் போகக்கூடிய ஒரு செங்குத்துப் பாறை. பிறகு மேசைமேல் இருந்த கல்லை எடுத்து, கடையின் பளிங்குப் படிக்கட்டில் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். பளிங்கில் ஆழமாகக் கீறல் விழுந்தது.

அப்பா எதைக்கொண்டு எழுதினார் என்று ஜெசிந்தாவுக்கு அப்போது புரிந்தது. புயலில் மூழ்கிய மனிதனால் கல்லில் எழுத முடியாது. இரண்டு மாதமாக அவள் சந்தேகத்தோடு நினைத்தது இப்போது உறுதியானது: அவர் கரை ஏறியிருக்கிறார், உயிரோடு இருந்திருக்கிறார். அவள் திரும்பிச் சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் அந்தக் கீறலையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

லியோனாஸ் சின்ன ஊர். வெள்ளைக் கூழாங்கற்கள் நிறைந்த ஒரு கரை, நாலைந்து வீடுகள், இரண்டு சாப்பாட்டுக் கடைகள். ஒரு கடையின் சொந்தக்காரி கலியோப்பிக்கு மோட்டார் படகு இருந்தது. ஐம்பது வயது, கட்டையான உடம்பு, அதட்டலான குரல். விஷயத்தைக் கேட்டதும் அடுப்பு வேலையைத் தங்கையிடம் விட்டுவிட்டுக் கயிற்றை எடுத்தாள். ஆனால் எச்சரிக்கவும் செய்தாள். வடகாற்று கொஞ்சம் ஓய்ந்திருக்கிறது, மத்தியானத்துக்குமேல் மறுபடி எழும்பும். அந்தப் பாறையில் அலை ஏறினால் குகை வாய் மூடிவிடும். தான் படகுச் சங்கை ஊதினால் எது கையில் இருந்தாலும் போட்டுவிட்டு வெளியே வர வேண்டும்.

படகு பாறையோரமாகவே போயிற்று. மலை நேராகக் கடலுக்குள் இறங்கியது. கால் வைக்க ஓர் இடம் கிடையாது. அரை மணி நேரத்தில் அந்தக் கறுப்புப் பட்டை தெரிந்தது. உச்சியிலிருந்து சரிந்து வந்து, தண்ணீர் மட்டத்தில் இருந்த ஒரு தாழ்வான இருட்டு வாய்க்குள் நுழைந்தது. கலியோப்பி எஞ்சினைத் தணித்தாள்.

ஜெசிந்தா இடுப்பில் கயிற்றைக் கட்டும்போது லாசர் அவள் கையைப் பிடித்தார்.

"மக்கா, உள்ள போறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும். அண்ணன் முங்குனத நான் பாக்கல."

அவள் கயிற்றை விட்டாள்.

"ஆஸ்பத்திரியில ஆபீசர் வந்து கேட்டாரு. பாத்தியா, பாத்தியான்னு. நான் பாத்தேன்னு சொல்லிட்டேன். தேடுறத நிறுத்திட்டாவ."

ஏன் அப்படிச் சொன்னார் என்பதையும் அவரே சொன்னார். கடலுக்குப் போய்த் திரும்பாத புருஷன்களுக்காக வருஷக்கணக்கில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்களை அவர் ஊரில் கண்டிருந்தார். மதினிக்கு அந்தக் கதி வரக் கூடாது என்று நினைத்தார். அந்த அலையில் யாரும் பிழைத்திருக்க முடியாது என்று உறுதியாக நம்பினார். படம் வந்த நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது.

ஜெசிந்தாவுக்குக் கோபம் வந்தது. ஆனால் காற்று காத்திருக்காது. கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு கடலில் குதித்தாள்.

குகை வாயில் தலை தட்டும் அளவுக்குத்தான் இடம் இருந்தது. ஓர் அலை இறங்கும் நேரம் பார்த்து உள்ளே நுழைந்தாள். உள்ளே உயரமான கூடம். தண்ணீருக்கடியிலிருந்து வந்த நீல வெளிச்சம் சுவரெல்லாம் ஆடியது. மேலே எங்கிருந்தோ நல்ல தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் ஒரு பாறையைப் பிடித்து ஏறி, நெற்றியில் கட்டியிருந்த விளக்கைப் போட்டாள்.

எழுத்து எதிரேயே இருந்தது. படத்தில் வெட்டுப்பட்ட பகுதியும் சேர்த்து முழுதாக இருந்தது.

கஸ்பார். தூத்துக்குடி.
லாசர் போட்ல ஏறிட்டான். பாத்தேன்.
பிலோமி. ஜெசி.

பக்கத்தில் நேர்நேராகக் கோடுகள். அவள் விரலை வைத்து எண்ணினாள். பதினொன்று. முதல் கோடுகள் ஆழமாக இருந்தன. கடைசிக் கோடு கல்லில் பதிந்தும் பதியாமலும் இருந்தது.

எழுத்துக்கு மேலே ஆள் உயரத்தில் ஒரு திட்டு இருந்தது. நீந்த வந்து படம் எடுத்தவர் அங்கே ஏறிப் பார்க்கவில்லை போலும். ஜெசிந்தா வழுக்கும் கல்லில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு ஏறினாள். அலை எட்டாத அந்த இடத்தில் அப்பா படுத்திருந்தார். எலும்புகளும், கிழிந்த உயிர்காப்புச் சட்டையின் துண்டும், ஒரு பெல்ட் கொக்கியும். வலது கால் எலும்பு முழங்காலுக்குக் கீழே இரண்டாக முறிந்திருந்தது. இந்த இடத்தைவிட்டு ஏன் அவரால் நீந்திப் போக முடியவில்லை என்பதற்கு வேறு பதில் தேவைப்படவில்லை.

அவள் அவரைத் தொடவில்லை. பக்கத்தில் முழந்தாளிட்டாள். ஜெபம் சொல்ல நினைத்தாள். வாயில் வந்தது "அப்பா" மட்டும்தான். அந்தச் சொல்லை உரக்கச் சொல்லி இருபத்து நான்கு வருஷம் ஆகியிருந்தது.

வெளியே வந்து படகைப் பிடித்தபோது லாசர் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"அப்பா உங்களப் பாத்திருக்காவ, சித்தப்பா. நீங்க போட்ல ஏறுனதப் பாத்துட்டு, அத எழுதி வச்சிருக்காவ."

பிறகு அவர் கேட்பார் என்று அவள் பயந்த கேள்வியையே கேட்டார்.

"எத்தன நாள் மக்கா?"

ஒரு நாள் என்று சொல்லிவிடலாம். இரண்டு என்று சொல்லலாம். வயதானவர், அவருக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் அப்படி ஒருவரின் நிம்மதிக்காகச் சொன்ன பொய்தான் அப்பாவை அந்தத் திட்டில் படுக்க வைத்தது.

"பதினொண்ணு," என்றாள்.

லாசர் சட்டையைக் கழற்றினார். கலியோப்பி கத்தினாள், வானத்தையும் வடக்கே வெண்மையாக நுரைக்கத் தொடங்கிய கடலையும் காட்டினாள். அவர் காதில் எதுவும் விழவில்லை. தண்ணீரில் இறங்கிவிட்டார். மறுநுனி கலியோப்பியிடம் இருந்த தன் கயிற்றிலேயே ஜெசிந்தா அவர் இடுப்பையும் பிணைத்து, அவரோடு திரும்ப உள்ளே போனாள்.

அவர் அண்ணன் எழுதியதைக் கையால் தடவித் தடவிப் படித்தார். கோடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். பதினொன்றாவது கோட்டில் விரல் நின்றது. திட்டின் மேல் ஏறி அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தவர் அசையவில்லை. வெளியே சங்கு ஊதியது. தண்ணீர் மட்டம் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது; ஒவ்வொரு முறையும் குகை வாயின் வெளிச்சம் ஒரு கணம் அணைந்து மறுபடி வந்தது. இரண்டாம் முறை சங்கு ஊதியது.

"நீ போ மக்கா. நான் அண்ணனோட இருந்துக்கிடுதேன்."

"அம்மாகிட்ட யாரு சொல்லுவா?"

அவர் அண்ணனின் பக்கமே திரும்பி உட்கார்ந்தார்.

"நான் சொல்ல மாட்டேன், சித்தப்பா. நீங்கதான் சொல்லணும். அதுக்காவது வாங்க."

ஓர் அலை வந்து பாறையில் மோதி இருவரையும் நனைத்தது. லாசர் குனிந்து அண்ணனின் நெற்றி எலும்பில் உதட்டை வைத்துவிட்டு எழுந்தார். குகை வாய் அதற்குள் முக்கால்வாசி மூடிவிட்டது. மூச்சை அடக்கி அடியில்தான் போயாக வேண்டும். அவள் அவர் கையைப் பிடித்து, அலை பின்வாங்கிய கணத்தில் முங்கினாள். பாறை முதுகைக் கிழித்தது. நடுவழியில் கயிறு ஒரு கல்லில் சிக்கியது. லாசர்தான் திரும்பிப் போய் அதை விடுவித்தார். நுரைக்குள் இருவர் தலையும் தெரிந்ததும் கலியோப்பி கயிற்றை இரண்டு கையாலும் இழுத்தாள். படகில் விழுந்தவர்களைப் போர்வையால் மூடிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை காற்று அடங்கியதும் கடலோரக் காவல் படையினர் கஸ்பாரைக் கீழே இறக்கினார்கள். லியோனாஸ் கரையில் அவரை வைத்தபோது அந்த ஊரின் நாலைந்து வீட்டுக்காரர்களும் வந்து நின்றார்கள். ஒரு பாதிரியாரைக் கூட்டி வந்து பாட்டுப் பாடினார்கள். மனோலிஸ் பேருந்தில் இறங்கி வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கடைசி வரை நின்றார். பரிசோதனைகள் முடிந்து பெட்டி ஊர் வந்து சேர இரண்டு மாதம் ஆகும் என்றார்கள்.

தூத்துக்குடிக்குத் திரும்பிய அன்றே லாசர், பிலோமியின் முன்னால் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் முழுதும் கேட்டாள். முடிந்த பிறகு சொன்னாள்:

"தெரியலன்னு சொல்லியிருந்தா, நான் தேடச் சொல்லியிருப்பேன் தம்பி."

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவள் அவரோடு பேசவில்லை. அவர் தினமும் வந்து வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். பெட்டி வந்த அன்றைக்கு ஊரே கூடியிருந்தது. யார் தூக்குவது என்று ஆண்கள் தயங்கி நின்றபோது பிலோமி கூட்டத்தைப் பார்த்து, "லாசரு எங்க? அண்ணன அவரே கொண்டு போவட்டும்," என்றாள். சின்னப் பெட்டிதான். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு லாசர் மாதா கோவில்வரை நடந்தார்.

கல்லறைக்குப் பெயர் வெட்ட வந்தவர் பழைய இறப்புச் சான்றிதழைப் பார்த்து, இறந்த தேதியாக ஜனவரி ஒன்பது என்று எழுதிக்கொண்டார். லாசர் அவர் கையிலிருந்து பென்சிலை வாங்கி அதை அடித்தார். பதினொரு கோடுகளையும் கூட்டி, ஜனவரி இருபது என்று எழுதினார்.

"மொதல்ல சொன்னது தப்பு," என்றார். "நான் பாக்காததச் சொல்லிட்டேன். இதுதான் அவரு எழுதுனது. இத வெட்டுங்க."

கல்வெட்டுகிறவர் உளியை வைத்து முதல் அடி அடித்தார்.