வயித்தெரிச்சல் மீட்டர்

பலகையில் எண்பத்தொன்பது என்று விழுந்ததும் கேலரி மொத்தமும் திரும்பி ஜெபசிங்கைப் பார்த்துச் சிரித்தது.

அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அவர் பக்கத்தில் இருந்த சுடலைக்கண்ணுவிடம், புதுச் செட்டர் பயலுக்குக் கை இன்னும் பழகவில்லை, பந்தை நெட்டோடு ஒட்டிப் போடுகிறான், நல்ல பிளாக்கர் ஒருத்தன் எதிரே நின்றால் சாயம் வெளுத்துவிடும் என்று நீட்டி முழக்கியிருந்தார். வாய் அப்படிச் சொல்ல, மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டை ஊருக்கே வேறொன்றைச் சொல்லிவிட்டது. மனுஷன் முகத்தை எங்கே கொண்டு போய் வைப்பார்?

பட்டைக்குக் கல்லூரிக்காரர்கள் வைத்த பெயர் அகத்திறன்மானி. திருநெல்வேலியில் அப்படி யாரும் சொல்வதில்லை. வயித்தெரிச்சல் மீட்டர் என்றால்தான் ஆட்டோக்காரர் வரைக்கும் புரியும். ஒரு ஆட்டக்காரனின் திறமையை அளக்க உலகத்தில் எத்தனையோ வழி பார்த்தாயிற்று. பாராட்டை நம்பினால் சொந்தக்காரனும் சொந்த ஊர்க்காரனும் அள்ளிவிடுகிறான். புள்ளிக்கணக்கை நம்பினால் அதிர்ஷ்டமும் சேர்ந்து எண்ணப்படுகிறது. கடைசியில்தான் கண்டுபிடித்தார்கள்: அதே இடத்தில் முன்னால் ஆடியவனின் பொறாமை மட்டும் பொய் சொல்லாது. நாடி, வியர்வை, வயிற்றின் முறுக்கல் மூன்றையும் பட்டை உறிஞ்சி, நூற்றுக்கு இத்தனை என்று பலகையில் எழுதும். அளக்கிறவருக்கு அளவர் என்று பெயர். செட்டருக்கு அளவர் என்றால் ஆட்டம் முடிகிறவரை அவர் வயிறு எரிவதெல்லாம் செட்டர் கணக்கில்தான் சேரும்.

பொருநைக் கல்லூரி வாலிபால் அணிக்கு இந்த வருஷம் வந்திருக்கும் செட்டர் ஆதிரன், முதல் வருஷப் பையன். வாலிபாலில் செட்டர்தான் எல்லாம். இரண்டாவது தொடுதல் அவன் கையில்தான் விழும். யார் அடிப்பது என்று அவன்தான் முடிவு செய்து தூக்கிக்கொடுப்பான். ஜெபசிங் ஒரு காலத்தில் அதே கல்லூரிக்கு அதே இடத்தில் ஆடியவர். ஒரே சீசன். முட்டி போயிற்று, ஆட்டமும் போயிற்று. இப்போது பேட்டையில் பம்பு மோட்டார் கடை வைத்திருக்கிறார். இந்த சீசனில் ஆதிரனுக்கு அவர்தான் அளவர்.

முதல் ஆட்டத்தில் ஆதிரன் ஏகப்பட்ட பந்தைக் கோட்டைவிட்டான். இருந்தும் ஒரு பந்தைத் திரும்பிப் பார்க்காமல் முதுகுக்குப் பின்னால் தூக்கிப் போட்டான் பாருங்கள், ஜெபசிங்கின் அடிவயிற்றில் யாரோ மிளகாயை அரைத்து அப்பின மாதிரி இருந்தது. அந்தப் பந்தை அவர் ஆடின சீசன் முழுக்கப் பழகிப் பார்த்தவர். ஒரு நாளும் கைகூடவில்லை. நேற்று மீசை முளைத்த பயல், பல் தேய்க்கிற மாதிரி சாதாரணமாகப் போடுகிறானே!

ஆட்டம் முடிந்தால் எல்லோரும் மைதானத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் கூடுவார்கள். பையன் தேறுவானா, மூன்று ஆட்டத்தை வைத்து ஒருத்தனை எடை போடலாமா, போன வருஷத்துச் செட்டரே தேவலையா என்று வாய்க்கு வாய் நடக்கும். சுடலைக்கண்ணு வாழைக்காய் மண்டி வைத்திருக்கிறவர். வாலிபாலைக் கையால் தொட்டதில்லை. ஆனால் ஆதிரனுக்காகத் தொண்டை கிழியப் பேசுவார். ஜெபசிங் எதிர்த்துப் பேசப் பேச, அவர் ஒரே வார்த்தையில் மடக்கிவிடுவார்.

"ஓம்ம வாயை எவன்வே கேட்டான்? கையைக் காட்டும்."

கடையே சிரிக்கும். ஜெபசிங் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவார். இப்படி மூன்று ஆட்டம் போயிற்று. ஆதிரன் ஆட்டத்துக்கு ஆட்டம் தேறினான், பலகையில் எண்ணும் ஏறியது. கல்லூரி அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது.

நாலாவது ஆட்டத்தில்தான் விபரீதம் நடந்தது. கடைசி செட், கடைசிப் பாயிண்ட். கல்லூரியின் பெரிய அடிகாரன் வலப்பக்கம் கையை உயர்த்திக்கொண்டு காத்திருந்தான். எதிரணி மொத்தமும் அவனைத்தான் பார்த்தது. ஆதிரனோ, தொடர்ந்து மூன்று பந்தை வெளியே அடித்துவிட்டுத் தலைகுனிந்து நின்ற ஒருத்தனுக்கு, முதுகுப் பக்கமாக, பூவை வைக்கிற மாதிரி வைத்தான். அவன் அடித்தான். பாயிண்ட்.

ஜெபசிங் இருக்கை மேல் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் முட்டியது. தானே ஆடி ஜெயித்திருந்தால்கூட அவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது. தோற்றுப்போனவனைக் கைதூக்கிவிடுகிற ஆட்டம் அது. தனக்கு அப்படித் தோன்றியே இருக்காது என்று மனதார ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதும் உள்ளே இருந்த எரிச்சல், தண்ணீர் ஊற்றின அடுப்பாக அணைந்தது.

பலகையில் பன்னிரண்டு என்று விழுந்தது.

அன்றைக்கு டீக்கடையில் நடந்த கூத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். கண்ணெதிரே பையனின் ஆட்டத்தைப் பார்த்த ஆட்களே, பன்னிரண்டாம்ல, பய சரக்கு தீர்ந்துபோச்சு என்று பேசினார்கள். அதில் சுடலைக்கண்ணுதான் முதல் ஆள். நான் ஆரம்பத்திலேயே சந்தேகப்பட்டேன் என்று வேறு கூசாமல் சொன்னார். ஜெபசிங் ஒற்றை ஆளாக நின்று ஆதிரனுக்காக மல்லுக்கட்டினார். அவன் ஆடினது ஆட்டம், குறைந்தது என் பொறாமைதான் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டார். யாரும் காதில் வாங்கவில்லை.

விதி தெளிவாக இருந்தது. அடுத்தடுத்த இரண்டு ஆட்டத்தில் நாற்பதுக்குக் கீழே போனால் செட்டரை மாற்ற வேண்டும். விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த கல்லூரிச் சீட்டும் அதோடு போகும். ஜெபசிங் தேர்வுக் குழுத் தலைவி மெர்சி மேடத்தைப் போய்ப் பார்த்தார். பையன் தங்கம் என்று சத்தியம் செய்தார். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டாள்.

"அண்ணாச்சி, நீங்க அவனை மட்டம் தட்டுன வரைக்கும் மீட்டர் ஏறிச்சு. இப்ப புகழுதீங்க, இறங்கிட்டு. நான் இதுல எதை நம்ப?"

அளவரை மாற்றலாமே என்று கேட்டார். சீசன் நடுவில் மாற்ற முடியாதாம்.

ஐந்தாவது ஆட்டத்துக்கு ஜெபசிங் பொறாமைப்படுவது என்று வைராக்கியத்தோடு வந்து உட்கார்ந்தார். போன முட்டியை நினைத்தார். வாங்காமல் போன மெடலை நினைத்தார். ஊஹும், ஆதிரன் பந்தைத் தொட்டால் முகம் தானாக மலர்கிறது. கடைசியில் மச்சான் புதிதாகக் கட்டின மாடி வீட்டை நினைத்துப் பார்த்தார். அதற்கு மட்டும் பலகையில் கிடந்த பத்தொன்பது இருபத்தொன்றாகி மறுபடி இறங்கியது. பட்டையைக் கடித்துத் துப்பிவிடலாம் போல இருந்தது. இவ்வளவு வருஷம் கேட்காமலே வந்து குடைந்த சனியன், வேண்டும்போது வரமாட்டேன் என்கிறதே!

கடைசி செட்டுக்கு முந்தின இடைவேளையில் ஆதிரன் கேலரியை நோக்கி ஓடி வந்தான். கையில் மடித்த பனியன். ஜெபசிங் சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். டீக்கடையில் தான் பட்ட பாடு பையன் காதுக்குப் போயிருக்கும் என்று நினைத்து, எழுந்து நின்று கையைக்கூட நீட்டிவிட்டார்.

ஆதிரன் அவரைத் தாண்டிப் போனான்.

"அண்ணாச்சி, மொத மேட்சுலேருந்து எனக்காவப் பேசுனது நீங்க ஒருத்தர்தான்னு பயலுவ சொன்னானுவ. அன்னைக்கு நான் போட்ட பனியன் இது. நீங்க வச்சுக்கிடுங்க," என்று சுடலைக்கண்ணு கையில் கொடுத்துக் காலைத் தொட்டான்.

சுடலைக்கண்ணு வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டார். போதாதற்குப் பையனைக் கட்டிக்கொண்டு, என் பிள்ளை மாதிரி என்று அழுதார்.

ஜெபசிங்குக்குக் காது அடைத்தது. ஒரு வாரமாக ஊரோடு சண்டை போட்டவன் நான். இவன் முதுகுக்குப் பின்னால் ஏசினவன் அந்த ஆள். எனக்குச் சேர வேண்டிய பனியன், எனக்குச் சேர வேண்டிய கண்ணீர்! அடிவயிற்றில் பிடித்த தீ தொண்டை வரை வந்தது. உண்மையைப் போட்டு உடைத்துவிடுவது என்று வாயைத் திறந்தார்.

கேலரி அதிர்ந்தது. பலகையில் தொண்ணூற்றாறு.

ஆதிரன் நிமிர்ந்து பார்த்தான். ஒரு வாரமாகச் செத்துக் கிடந்த முகத்தில் உயிர் வந்தது. யாரைப் பார்த்து எரிந்த வயிறு என்று மீட்டருக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. துள்ளிக்கொண்டு மைதானத்துக்கு ஓடினான்.

ஜெபசிங் திறந்த வாயை மூடிக்கொண்டார். உண்மையைச் சொன்னால் பையன் தன்னிடம் வருவான். அவன் வந்தால் இந்தத் தீ அணையும். அணைந்தால் அவன் வீட்டுக்குப் போவான். கணக்கு அவ்வளவுதான்.

சுடலைக்கண்ணு பனியனை விரித்து நாலு பக்கமும் காட்டிக்கொண்டிருந்தார். ஜெபசிங் அவரை ஒரு பார்வை பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"அதை மாட்டிக்கிட்டு இங்கன எம் பக்கத்துலயே உக்காரும் வே. சீசன் முடியுத வரைக்கும் ஓமக்கு நான்தான் டிக்கெட்டு எடுப்பேன்."