பதினான்கு படிகள்

செம்மேட்டில் காலைக் காப்பிக்கு வரிசையில் நிற்கும்போது திரும்பாதவர் பட்டியலை வாசிப்பார்கள். முந்தின நாள் குடியிருப்புக் கூண்டைவிட்டு வெளியே போய் இன்னும் வராதவர்களின் பெயர்களை ஓர் இயந்திரக் குரல் நிதானமாகச் சொல்லும். செவ்வாய்க் கிரகத்தில் பிறந்தவர்களுக்கு அது வானிலை அறிக்கை மாதிரி. பாதிப் பேர் காதில் வாங்குவதுகூடக் கிடையாது.

அந்தப் புதன்கிழமை ஒரே ஒரு பெயர்தான் வந்தது. ரொசாரியோ, பனிக்கட்டி தோண்டும் பிரிவு.

ரெஜினா குவளையை மேசைமேல் வைத்துவிட்டு வரிசையிலிருந்து விலகினாள். ரொசாரியோ அவளுடைய தம்பி.

புழுதிப்புயல் அடங்க மூன்று நாளாயிற்று. ஒன்பது கிலோமீட்டர் தள்ளி அவனுடைய உருள்வண்டியை மீட்பு எந்திரங்கள் கண்டெடுத்தன. மின்கலம் தீர்ந்து, சூடு நின்று, இருக்கையிலேயே உறைந்துபோயிருந்தான். புயலில் செயற்கைக்கோள் தொடர்பு அறுந்துபோனால் பேசுவதற்கென்று ஒவ்வொரு வண்டியிலும் ஒரு ஹாம் ரேடியோ உண்டு. அதை இயக்கும் 'தூது' என்ற மென்பொருளை வானொலி ஆர்வலர் சங்கத்தார் ஓய்வு நேரத்தில் ஆசையாக எழுதியிருந்தார்கள். ரேடியோவில் கோளாறு எதுவும் இல்லை.

வண்டியின் பதிவேட்டை ரெஜினா கேட்டு வாங்கிப் படித்தாள். தம்பி இரண்டு மணி நேரம் போராடியிருக்கிறான். ஒவ்வொரு முறையும் திரையில் வந்தது பிழை 41. கையேட்டின் எழுபத்தாறாம் பக்கத்தைப் பதினொரு முறை திறந்திருக்கிறான். அந்தப் பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்: 'பிழை 41: ஆன்டெனாவின் அளவுரு பொருந்தவில்லை. பொருத்தமான அளவுருவை இடவும்.'

எந்த அளவுரு, எங்கே இடுவது என்று ஒரு சொல் இல்லை.

சங்கத் தலைவர் திருவேங்கடத்தின் அறைக்கு அவள் கதவைத் தட்டாமல் போனாள். தூதில் பாதிக்கு மேல் அவர் எழுதியது.

"பிழை நாப்பத்தொண்ணு வந்தா என்ன செய்யணும் சார்?"

"ரொம்பச் சுலபம்மா. இசைவுப் பொத்தானை அஞ்சு நொடி அழுத்திப் பிடிச்சா, ஆன்டெனா தானாப் பொருந்திக்கும்."

"அதை ஏன் எழுதலை?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது ஆர்வலர்களுக்குன்னு பண்ணினது. அவங்களுக்குத் தெரியாதான்னு விட்டுட்டோம். நூத்திப் பத்துப் பக்கம் எழுதியிருக்கோமே, ரெஜினா."

"நூத்திப் பத்துப் பக்கத்துலயும் நீங்க எவ்வளவு கெட்டிக்காரங்கன்னுதான் எழுதியிருக்கு. உள்ளே மாட்டிக்கிட்டு இருக்கிறவன் என்ன செய்யணும்னு எங்கயும் இல்ல. அஞ்சு நொடி சார். என் தம்பிக்கு ரெண்டு மணி நேரம் இருந்துச்சு."

திருவேங்கடம் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

கிடங்கில் சாமான்களுக்குப் பெயர்ச்சீட்டு எழுதுவது ரெஜினாவின் வேலை. அந்த வேலைக்கு இரண்டு மாதம் விடுப்புப் போட்டுவிட்டுக் கையேடு எழுத உட்கார்ந்தாள். ஒவ்வொரு வரியையும் ரேடியோவைத் தொட்டே பார்த்திராத ஆளிடம் கொடுத்துச் செய்யச் சொன்னாள். சமையற்கூடத்துப் பொன்னுரங்கம், "பச்சைப் பொத்தானை அழுத்துன்னு இருக்கு. ரெண்டு பச்சை இருக்கே, எதை?" என்றார். 'இடது பக்கப் பச்சை' என்று திருத்தினாள். தடித்த கையுறையோடு எல்லாரையும் குளிர் அறையில் உட்காரவைத்தாள். கடைசியாகத் திருவேங்கடத்தையும் இழுத்துவந்து, அவருடைய பழைய கையேட்டைக் கையில் கொடுத்து, "இதுல இருக்கிறதை மட்டும் செய்யுங்க. உங்களுக்குத் தெரிஞ்சதைச் செய்யக்கூடாது" என்றாள். இருபது நிமிடம் கழித்து வெளியே வந்தவர் அவள் முகத்தைப் பார்க்காமல், "உன்னோடதையே எல்லா வண்டியிலயும் ஒட்டிரும்மா" என்றார்.

பதினான்கு படிகள். ஒரே தாள். எழுத்து ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகமளவு பெரிது. எந்திரங்கள் ஓட்டும் சரக்கு வண்டிகளையும் அவள் விட்டுவைக்கவில்லை.

ஏழு மாதம் கழித்து மறுபடியும் புயல். இரண்டு வண்டிகள் வெளியே மாட்டிக்கொண்டன. சரக்கு வண்டியை ஓட்டிய எந்திரம் தாளைப் பார்த்து, முதல் படியிலிருந்து பதினான்காம் படிவரை வரிசையாகச் செய்து, நான்காவது நிமிடம் குடியிருப்போடு பேசிவிட்டது. மற்ற வண்டியிலிருந்து சத்தமே இல்லை. அதைத் தேடச் சொல்லி எந்திரத்துக்கு உத்தரவு போயிற்று. அது கண்டுபிடித்தபோது உள்ளே மூன்று மனிதர்கள் பாதி உறைந்த நிலையில் கிடந்தார்கள். மூவரும் பிழைத்தார்கள். ஷமீமா என்ற பாறை ஆய்வாளருக்கு மட்டும் இடக்கையில் இரண்டு விரல் போய்விட்டது.

ரெஜினா மருத்துவப் பிரிவுக்கு ஓடினாள்.

"தாள் கிழிஞ்சிருந்துச்சா?"

"இல்லக்கா. கண்ணுக்கு நேராத்தான் இருந்துச்சு."

"எந்தப் படி புரியலை?"

ஷமீமா கட்டுப்போட்ட கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். "படிக்கலைக்கா. இருக்கிற பொத்தானையெல்லாம் மாத்தி மாத்தி அழுத்திப் பார்த்தோம். எப்படியாவது ரேடியோ பேசிருச்சுன்னா, எப்படிப் போடுறதுன்னு உங்களையே கூப்பிட்டுக் கேட்டுக்கலாம்னு நெனச்சோம்."

ரெஜினா மருத்துவப் பிரிவைவிட்டு வெளியே வந்தாள். படித்தவனுக்குப் புரியவில்லை, புரியும்படி எழுதினால் படிக்க ஆளில்லை. யார்மேல் கோபப்படுவதென்று தெரியாத கோபத்தில் காது இரண்டும் அடைத்துக்கொண்டன. கையேட்டைப் படிக்காதவர் எவரும் கூண்டைத் தாண்டக்கூடாதென்று இன்றைக்கே சட்டம் போடவைக்கவேண்டும். நிர்வாகக் கூண்டுக்குத் திறந்தவெளியில் நூறடி நடக்கவேண்டும். அவள் வாயிலுக்கு விரைந்தாள்.

வாயிலைக் காக்கும் எந்திரம், வெளியே போக அணியும் மூச்சுடை ஒன்றை நீட்டியது. "புது வகை உடை. காலையில்தான் வந்தது. ஒன்பது பக்கம் வழிமுறை இருக்கிறது. படித்துவிட்டு அணியவும்."

ரெஜினா உடையின் கையிலிருந்த திரையை விரலால் ஒரே இழுப்பு இழுத்துக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்ற கட்டத்தைத் தொட்டாள்.

"முழுவதும் படித்தீர்களா?"

"படிச்சாச்சு. திற." பழைய உடையை மாட்டும் பழக்கத்திலேயே அதை மாட்டிக்கொண்டாள்.

பக்கங்கள் திறந்திருந்தது இரண்டு நொடி என்று எந்திரம் குறித்துக்கொண்டது. படித்தேன் என்று மனிதர் சொன்னால் மேற்கொண்டு கேட்கக்கூடாது என்பது அதனுடைய கையேட்டில் முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது.

அது கதவைத் திறந்தது.