இரைமரம்

இரைமரம் என்று புருஷன் கைகாட்டிய பைன் மரத்தில் ஒரு துளைகூட இல்லை. அடியில் மரத்தூளும் இல்லை. அதுதான் அவளை உறுத்தியது.

பட்டை வண்டு பறக்கும் பருவத்தில், தோப்போரத்து மரம் ஒன்றின் இடுப்பில் சிவப்புப் பெயிண்ட்டால் வளையம் போட்டு, வண்டை இழுக்கும் வாசனைப் பொட்டலத்தைக் கட்டுவது அவள் புருஷனின் வேலை. வண்டெல்லாம் அந்த ஒரு மரத்தில் வந்து அடையும். உள்ளே புழு வளர்ந்து புது வண்டாய்ப் பறப்பதற்குள் அதை வெட்டி எரித்துவிட்டால் மற்ற மரங்கள் பிழைத்துக்கொள்ளும். போன வருஷம் வெட்ட மனசு வராமல் அவர் நாளைக் கடத்தியதில் பாதித் தோப்பு போயிற்று. மிச்சமும் போனால் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

இந்த வருஷம் அந்த மரத்தில் வளையமும் இல்லை, பொட்டலமும் இல்லை. ஆனாலும் தோப்பு பச்சைப்பசேலென்று நின்றது. சும்மா இருப்பவனுக்கு வண்டு எதற்குக் கருணை காட்டும்? ஓடைக்கு அந்தப் பக்கம் அவளுடைய அண்ணன் தோப்பு. பொட்டலத்தைக் கொண்டுபோய் அங்கே கட்டிவிட்டாரோ? அப்படியென்றால் வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

அவர் போக்கும் சரியில்லை. அடுப்புப் பக்கத்தில்கூட ஸ்வெட்டரைக் கழற்றுவதில்லை. குப்புறத்தான் படுக்கிறார். பக்கத்தில் போனால் பிசின் வாடை. மரத்தோடு மாரடிப்பவர் மேல் அத்தரா மணக்கும் என்று முதலில் சிரித்துக்கொண்டாள். காலையில் அவர் போர்வையை உதறியபோது பொடிப்பொடியாய்த் தூள் கொட்டியது. ரம்பமோ துருப்பிடித்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

"உங்க தோப்புல வண்டு விழுந்திருக்காண்ணே?"

"ஒண்ணுகூட இல்லம்மா. எல்லாம் மாப்பிள்ளை கைராசின்னு நெனச்சேன். ஏன், முகம் ஒரு மாதிரி இருக்கு?"

அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பினாள். கட்டினவரைத் துரோகியாக நினைத்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனால் சந்தேகம் வீட்டுக்குள் புகுந்த எறும்பு மாதிரி, ஒரு வழியை அடைத்தால் இன்னொரு வழியில் வரும். இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. அப்படியானால் வண்டெல்லாம் எங்கே?

அவள் திரும்பியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. வீட்டில் விளக்கு ஏற்றவில்லை. யாரோ பொறுமையாக நகத்தால் சுரண்டுவதுபோல, ஓயாமல் ஒரு சத்தம். கறுக், கறுக். உத்தரத்தை அரிக்கிறதோ என்று பயந்து தூணில் காதை வைத்தாள். தூண் சும்மா இருந்தது. சுவரும். சத்தம் உள்ளறையிலிருந்து வந்தது.

"என்னங்க?"

"வந்துட்டியா."

"பொட்டலம் எங்கங்க?"

"ஒண்ணக் குடுத்தாத்தான் மத்ததெல்லாம் நிக்கும். எதக் குடுக்க? எல்லாமே நான் நட்டது."

விளக்கை ஏற்றினாள்.

முக்காலியில் சட்டையில்லாமல், அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கழுத்தில் கயிறு. கயிற்றில் பொட்டலம். இடுப்பைச் சுற்றிச் சிவப்புப் பெயிண்ட் வளையம்.

முதுகெங்கும் குண்டூசித் துளைகள். துளைக்குத் துளை உறைந்த பிசின். தோலுக்கடியில் ஏதோ நெளிந்தது. ஒன்றல்ல.

"வலிக்கலம்மா," என்றார் மெதுவாக. "ஆனா புதுசு பறக்கறதுக்குள்ள முடிச்சிரணும். போன வருஷம் என்னை மாதிரி நாளைக் கடத்திராத."

அவள் காலருகே கோடரி. புதிதாகத் தீட்டியது. பக்கத்தில் மண்ணெண்ணெய் டின்.

கோடரியை எடுத்தாள். தூக்கக் கை வரவில்லை. அழுதாள்.

தோள்பட்டைக்குக் கீழே ஒரு பிசின் துளி மெல்லப் புடைத்தது. உதிர்ந்தது. துளையிலிருந்து இரண்டு மீசைகள் வெளியே நீண்டு காற்றைத் தடவின. பக்கத்துத் துளையிலும். அதற்குப் பக்கத்திலும்.

தோப்பைப் பார்த்த ஜன்னல் திறந்திருந்தது.