பின் சீட்டில் விசாலாக்ஷி

"ஐயோ...! ஏன்னா...! காப்பாத்துங்கோ!"

கொச்சியின் ஜூ டவுன் ரோடே திரும்பிப் பார்த்தது.

விஸ்வேஸ்வரன் கையில் இரண்டு இளநீரோடு உறைந்து நின்றார். பி.எஃப். பணத்தைத் துடைத்தெடுத்து வாங்கிய பழைய வெள்ளை அம்பாசிடர்... வாங்கி ஒன்பதே நாள்... மிளகுக் கிடங்குகளைத் தாண்டிப் பறந்துகொண்டிருந்தது!

ஸ்டியரிங்கில் எவனோ ஒரு தடியன்!

பின் சீட்டில் அவர் மனைவி விசாலாக்ஷி!

பத்தாவது நிமிடம். போலீஸ் ஸ்டேஷன்.

"ஆர்.டி.ஓ. ஆபீஸ் கிளார்க் ஸ்வாமியல்லே? எந்தா விஷயம்?" இன்ஸ்பெக்டர் குரியாக்கோஸ் நிமிர்ந்தார்.

"கடத்திட்டான் சார்! ஆத்துக்காரியை... காரோட!"

"சாவியை வண்டியிலேயே விட்டுட்டீங்களா?"

"இல்லை சார்! இதோ, என் பையில!"

இன்ஸ்பெக்டரின் புருவம் உயர்ந்தது.

"உங்க பையில ஒரு சாவி... அவன் கையில ஒரு சாவி. ரெண்டாம் சாவியை யார் வச்சிருப்பாங்க ஸ்வாமி? நான் சொல்லியா உங்களுக்குத் தெரியணும்?"

வண்டியின் பழைய ஓனருக்குக் கடன் கொடுத்த ஃபைனான்ஸ்காரன்!

விஸ்வேஸ்வரனின் காதோரம் சுட்டது.

ட்ரிங்...! ட்ரிங்...!

இன்ஸ்பெக்டர் போனை எடுத்தார். கேட்டார். சிரிப்பை அடக்கினார்.

"பள்ளுருத்தியில ஒரு ஃபைனான்ஸ் ஷெட். உங்க பார்யை அங்க சாயா குடிச்சிட்டிருக்காங்க. வாங்க!"

ஷெட் வாசலில் கூட்டம். நடுவில் அம்பாசிடர். பக்கத்தில் கையில் குடையோடு விசாலாக்ஷி. தடியனின் நெற்றியில் குடைக்காம்பு அளவுக்கு ஒரு வீக்கம்.

"நாங்க என்ன ஆள் கடத்துறவங்களா சார்?" ஃபைனான்ஸ் மேனேஜர் செல்லப்பா கும்பிட்டார். "வண்டியை சீஸ் பண்ணத்தான் டிரைவரை அனுப்பினேன். அம்மா பின்னால படுத்துத் தூங்குனா அவனுக்கு எப்படித் தெரியும்?"

"என்ன பாக்கி?"

"பதினாலு மாசத் தவணை சார்! எடுத்தவன் சங்கிலிப்பாண்டி. இவர் தலையில கட்டிட்டு ஊரை விட்டே ஓடிட்டான்."

"ஆர்.டி.ஓ. ஆபீஸ்காரருக்கே ஃபைனான்ஸ் வண்டியா!" கூட்டத்தில் எவனோ சிரித்தான்.

விஸ்வேஸ்வரன் செருப்பு நுனியைப் பார்த்தார்.

"ஏன்னா தலையைத் தொங்கப் போட்டுண்டு நிக்கறேள்? ஆர்.சி. புக்கைக் காட்டுங்கோ! கடன் தீர்ந்துடுத்துன்னு சீல் இருக்குன்னேளே!"

"வேண்டாம் விசாலம்... வண்டி போனாப் போறது. ஆத்துக்குப் போலாம்."

"ஏன்? நாம என்ன திருடினோமா?"

அவர் பையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கி நீட்டினாள்.

இன்ஸ்பெக்டர் புரட்டினார். "சீல் இருக்கு."

"கடன் தீர்ந்ததுன்னு நாங்க லெட்டரே குடுக்கல சார்!" செல்லப்பா பதறினார். "கள்ள லெட்டர் காட்டி சீல் வாங்கியிருக்கான்!"

"அப்போ உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம சீல் வச்ச கிளார்க்கை முதல்ல பிடிக்கணும்."

"பிடிங்கோ சார்! எந்தக் கட்டேல போறவன் அவன்?" விசாலாக்ஷி சீறினாள். "பேரை உரக்கப் படிங்கோ! நாலு பேர் காறித் துப்பட்டும்!"

இன்ஸ்பெக்டர் பக்கத்தைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். புத்தகத்தை அவள் பக்கம் திருப்பினார்.

சீலுக்குக் கீழே... நீல மையில்...

'சரிபார்த்தேன். விஸ்வேஸ்வரன்.'



"ஒரு நாளைக்கு நாப்பது புக் வரும் சார்..." விஸ்வேஸ்வரன் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். "சங்கிலிப்பாண்டி ரெண்டு கிலோ முந்திரிப்பருப்பு கொண்டுவந்தான்... லெட்டரைப் படிக்கலை. சுத்தமா மறந்துட்டேன். அப்புறம் அவனே வண்டியை விக்க வந்தப்போ... சீல் பக்கத்தைப் பார்த்தேன்..."

"பார்த்து?"

"என் கையெழுத்துதானேன்னு நம்பி வாங்கிட்டேன்!"

"அந்த முந்திரியை... அக்கா குடுத்தனுப்பினான்னேளே!"

விசாலாக்ஷி இரண்டடி தள்ளி நின்றாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் ஜீப்பைக் காட்டினார்.

"கேறுங்க ஸ்வாமி. பேடிக்க வேண்டாம்... இது கவர்ன்மென்ட் வண்டி. பாதி வழியில யாரும் சீஸ் பண்ண மாட்டாங்க!"